பத்துக்கு எத்தனை?

மும்பையில் தமிழர் வீடுகளில் இப்போது ஒரு புது வழக்கு நடந்து வருகிறது. தாராவியில் நடக்கிறது; செம்பூரில் நடக்கிறது; டோம்பிவிலி, கல்யாண் வரைக்கும் நடக்கிறது. வாதி, மகன். பிரதிவாதி, தகப்பனார். வழக்கில் சிக்கியிருக்கும் பொருள், ‘கண்ட்ரோலர்’ என்னும் கைக்கருவி.

மகன் டி.வி.யில் சண்டை விளையாட்டு ஆடுகிறான். “அப்பா, இந்தக் கண்ட்ரோலர் சரியில்லை. நான் ஒன்றை அழுத்தினால் அது வேறொன்றைச் செய்கிறது. நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், போட்டியில் ஜெயித்துக் காட்டுகிறேன்” என்கிறான். “ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து விளையாட்டுச் சாமானா? அந்தப் பணத்தில் உன் தங்கைக்கு ஒரு வருஷத்து டியூஷன் கட்டலாம்” என்கிறார் தகப்பனார்.

இருவர் பேச்சிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. இதை வெட்டி வேலை என்று ஒரேயடியாகத் தள்ளுவது தகப்பனாரின் தவறு. வெற்றி கடையில் விற்கிறது என்று நம்புவது மகனின் தவறு. இந்த விளையாட்டில் வெற்றி பெரும்பாலும் விரலில் இருக்கிறது. விரல் தவறாமல் இருக்க ஒரே வழி, எண்ணிக் கணக்கு வைத்துச் செய்கிற பயிற்சி. அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

வெட்டி வேலையா?

ஜப்பானைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 1987இல் ‘ஸ்டிரீட் பைட்டர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1991இல் வந்த அதன் இரண்டாம் பாகம் உலகமெங்கும் பரவியது. 1990களில் பம்பாயின் வீடியோ கேம் பார்லர்களில் டோக்கன் போட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நின்ற பையன்களில் பலர் இன்று தகப்பனார்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. அது எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்பதுதான் புதிது.

2022 டிசம்பரில் மத்திய அரசு மின்னணு விளையாட்டுப் போட்டிகளை விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்டிரீட் பைட்டர் 5’ பதக்கத்துக்குரிய பிரிவாக இடம்பெற்றது. இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் இருவரும் ஆடினார்கள். பதக்கம் கிட்டவில்லை. தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44. பள்ளிப் பிள்ளைகளின் கை வேகத்துக்கு முன்னால் பெரியவர்கள் நிற்க முடியாது என்று சொல்பவர்கள் இந்த வயதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்தது. அதே சட்டம் திறமைப் போட்டிகளை அங்கீகரிக்கிறது. சீட்டாட்டச் செயலியில் சம்பளத்தைத் தொலைத்தவன் கதை வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே கம்பால் அடித்தால் வீட்டில் பையன் பேசுவதை நிறுத்திவிடுவான். அவ்வளவுதான் பலன்.

ஒரு வினாடிக்கு 60 படம்

விரல் தவறுவது என்றால் என்ன? தெரிந்துகொண்டால் தகப்பனாருக்கும் வழக்கு விளங்கும்.

இந்த விளையாட்டுகள் திரையில் வினாடிக்கு 60 படங்களாக ஓடுகின்றன. ஒவ்வொரு படத்திலும், எந்தத் திசை அழுத்தப்பட்டிருக்கிறது, எந்த பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று இயந்திரம் பார்த்துக் குறித்துக் கொள்கிறது. ஒரு படத்தின் ஆயுள், வினாடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் 17 பங்கு.

‘ரியூ’ என்பது இந்த விளையாட்டின் பழம்பெரும் பாத்திரம். அவன் கையிலிருந்து நெருப்புப் பந்து புறப்பட வேண்டுமானால் முதலில் கீழ், பிறகு கீழும் முன்னும் சேர்ந்த மூலை, பிறகு முன், உடனே குத்து பட்டன். இதற்கு ‘ஹடோகென்’ என்று பெயர். எகிறிக் குதித்து வருபவனை மேல்நோக்கிக் குத்தி வீழ்த்த வேண்டுமானால் முதலில் முன், பிறகு கீழ், பிறகு அந்த மூலை, உடனே குத்து. இதற்கு ‘ஷோரியூகென்’ என்று பெயர்.

தவறு எங்கே நடக்கிறது? அவசரத்தில் விரல் மூலையைத் தொடாமல் தாண்டிவிடும். திசை முடியும் முன்பே பட்டன் முந்திவிடும். எதிரி தாண்டிக் குதித்து மறுபக்கம் வந்துவிட்டால் ‘முன்’ என்பதே திசை மாறிவிடும். விரலுக்கு அது தெரியாது.

நான்காவது தவறுதான் வேடிக்கையானது. முன்னே நடந்துகொண்டிருக்கும்போதே பையன் ஹடோகென் போடுகிறான்; ஷோரியூகென் வந்து விழுகிறது. “பார்த்தீர்களா, கருவி பழுது” என்கிறான். கருவியில் பழுது இல்லை. நடந்ததால் ‘முன்’ ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதன் பின் கீழ், மூலை என்று வந்தால் இயந்திரம் ஷோரியூகென் என்றுதான் படிக்கும். நடையை நிறுத்தி, ஒரு கணம் விட்டு, கீழிருந்து தொடங்கினால் சரியாக வரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ கண்ட்ரோலர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன.

‘டெக்கன்’ என்ற விளையாட்டில் இன்னும் கடினமான குத்து ஒன்று உண்டு. மிஷிமா வம்சத்துப் பாத்திரங்கள் மின்னலோடு குத்த வேண்டுமானால், கடைசி மூலையும் குத்து பட்டனும் ஒரே படத்தில் விழ வேண்டும். ஒரு படம் பிந்தினால் சாதாரணக் குத்து வரும், மின்னல் வராது. சரியாக வந்ததா என்பதற்குத் திரையே சாட்சி.

கருவி தருவதும் தராததும்

கருவி எதுவுமே செய்யாது என்று சொல்வது நியாயமாகாது. லீவர் இல்லாமல், திசைக்கும் பட்டன்களே வைத்த பலகைகள் வந்திருக்கின்றன. விரல் நகர வேண்டிய தூரம் அவற்றில் குறைவு. முன்னணி வீரர்கள் பலர் அவற்றுக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் மாறுகிறவன் பழைய பழக்கத்தை மறந்து, புதிதாக மாதக்கணக்கில் கற்க வேண்டும். ஒன்றில் தேறாதவன் இன்னொன்றுக்கு மாறினால் தவறுகளும் கூடவே மாறி வரும்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘ஈவோ’ போட்டி இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. 2014இல் அங்கே ‘ஸ்டிரீட் பைட்டர் 4’ பிரிவில் வென்றவர் பிரான்ஸைச் சேர்ந்த லூபி. அவர் கையில் இருந்தது, 1990களில் வந்த முதல் பிளேஸ்டேஷனின் பழைய கண்ட்ரோலர். சுற்றிலும் விலை உயர்ந்த ஸ்டிக்குகளோடு வந்தவர்கள் இருந்தார்கள். கோப்பை பழைய கண்ட்ரோலருக்குத்தான் போனது.

அமெரிக்காவின் மைக் பேகம், பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய உடல் குறைபாடு உடையவர். கைகளால் கண்ட்ரோலரைப் பிடிக்க முடியாது. முகத்தாலும் வாயாலும் சாதாரணக் கண்ட்ரோலரை இயக்கி, சுன்-லி என்ற பாத்திரத்தை ஆடுவதில் உலகப் பெயர் பெற்றார். ‘புரோலிலெக்ஸ்’ என்ற பெயரில் புகழ்பெற்ற அவர் 2024இல் காலமானார். இருக்கிற கருவியில் முடியாது என்று சொல்பவர்கள் அவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே லேமிங்டன் ரோடுக்குப் போகும் முன் வீட்டில் சில சோதனைகள் செய்யலாம். காசு செலவில்லை. டி.வி.யின் அமைப்பில் ‘கேம் மோட்’ என்று இருந்தால் அதைப் போட வேண்டும். படத்தை அழகுபடுத்துவதற்காக டி.வி. எடுத்துக்கொள்ளும் தாமதம் குறையும். கம்பியில்லாமல் ஆடுகிறவன் ஒரு முறை கம்பியைச் செருகி ஆடிப் பார்க்க வேண்டும். பட்டனுக்குக் கீழே இருக்கும் ரப்பர் தேய்ந்து, மூன்று தரம் அழுத்தினால் ஒரு தரம் பதியவில்லை என்றால், விரல் தொடாமலே பாத்திரம் தானாக நகர்ந்தால், அது உண்மையான பழுது. ரிப்பேர் செய்ய வேண்டும்; முடியாவிட்டால் சாதாரணமான வேறொன்றை வாங்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் வழக்குத் தள்ளுபடி.

2023இல் வந்த ‘ஸ்டிரீட் பைட்டர் 6’, ‘மாடர்ன்’ என்று ஒரு முறையைத் தந்தது. திசைகளைச் சுழற்றாமல் ஒரே பட்டனில் ஷோரியூகென் வரும். அப்படி அடித்தால் அடியின் பலம் 20 சதவிகிதம் குறையும். சிலர் இதை ஏளனம் செய்கிறார்கள். ஏளனம் தேவையில்லை. புதிதாகக் கற்பவனுக்கு அது நல்ல படிக்கட்டு. ஆனால் எந்த நேரத்தில் அழுத்துவது என்ற கணக்கு அதிலும் மாறவில்லை. பட்டன் ஒன்றானாலும் அது விழ வேண்டிய படத்தில்தான் விழ வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பாடம்

ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர்களில் பலருக்கு நிலம் இல்லை, சிபாரிசு இல்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் சர்டிபிகேட்டும் ஷார்ட்ஹேண்டும்தான் சொத்து. கோட்டைப் பகுதி ஆபீசுகளில் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது அந்த விரல்களால்தான்.

அந்த விரல்கள் எப்படிப் பழகின? முதல் நாளே யாரும் கடிதம் அடிக்கவில்லை. ஏ, எஸ், டி, எப், ஜி, எப் என்று இடது கைக்கு ஒரு வரி. செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே என்று வலது கைக்கு ஒரு வரி. இதே வரி நாள் முழுக்க. விசையைக் குனிந்து பார்த்தால் மாஸ்டர் அதட்டுவார். வேகமாக அடித்தாலும் அதட்டுவார். தாளில் தவறைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். தவறில்லாமல் அடித்தவனுக்கே அடுத்த பாடம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை என்ற வேகம் கடைசியில் வந்தது. அதைத் தேடி யாரும் ஓடவில்லை. தவறு குறையக் குறைய அதுவே வந்தது.

இன்று மகன் செய்வது என்ன? முதல் நாளே போட்டிக்குப் போகிறான். தோற்கிறான். இன்னும் வேகமாக அழுத்துகிறான். இன்னும் தோற்கிறான். பழக வேண்டிய பாடத்தை விட்டுவிட்டுப் பரீட்சை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறான். நான்கு மணி நேரம் ஆடினேன் என்கிறான். அந்த நான்கு மணி நேரமும் தவறையே பழகியிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தவறும் பழக்கத்தால்தான் உறுதிப்படுகிறது.

எப்படிப் பழக வேண்டும்?

இந்த விளையாட்டுகளில் ‘பயிற்சி அறை’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே திரையின் ஓரத்தில், விரல் அழுத்திய திசைகள் அம்புக்குறிகளாக வரிசையாகத் தெரியும். அதுதான் டைப்ரைட்டரில் செருகிய தாள். மாஸ்டர் இல்லாவிட்டாலும் தாள் பொய் சொல்லாது. மூலை விடுபட்டதா, பட்டன் முந்தியதா என்று அதிலேயே படிக்கலாம்.

முதலில் ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்ள வேண்டும். அடி வருவதற்கு எந்த அளவு வேகம் போதுமோ அந்த அளவு நிதானமாகச் செய்ய வேண்டும். கருவியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கிய கை சீக்கிரம் களைக்கும். களைத்த கை தவறும்.

அடுத்து, எண்ண வேண்டும். இடது பக்கம் நின்று பத்து. வலது பக்கம் நின்று பத்து. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். அநேகமாக எல்லோருக்கும் ஒரு பக்கம் ஒன்பது வரும், மறு பக்கம் ஐந்து வரும். தான் தோற்பது எந்தப் பக்கத்தில் என்று அன்றுதான் பையனுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பத்துக்குப் பத்து, மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகுதான் அடுத்த அடி.

தினம் இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்காருவதைவிட, நாள்தோறும் கொஞ்சம் செய்து இரவு நன்றாகத் தூங்கி எழுவதில்தான் கைப்பழக்கம் படியும். பள்ளிப் படிப்புக்கும் இதனால் கேடில்லை.

ரயில் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைக் கண்டதும் கைகாட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். தெரிந்த விஷயத்தை ஏன் சொல்ல வேண்டும்? சொல்லும்போது கண்ணும் கையும் நினைப்பும் ஒன்று சேர்கின்றன, தவறு குறைகிறது. ஜப்பான் ரயில்வேயிலும் இந்த வழக்கம் பேர்போனது. பயிற்சி அறையில் “குதித்தான், குத்து” என்று வாய்விட்டுச் சொல்லி ஆடிப் பார்க்கலாம். கண்டபடி அழுத்துவது நின்று, கண்டதற்கு அழுத்தும் பழக்கம் வரும்.

கடைசியாகத்தான் போட்டி. தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போட்டு, எத்தனை முறை நினைத்தது ஒன்று, வந்தது வேறொன்று என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பையன் முன்னேறுகிறான். தோல்வி, வெற்றிக் கணக்கு அதன் பின்னாலேயே வரும்.

2004இல் ஈவோ போட்டியில் ஜப்பானின் டைகோ உமேஹாரா ஆடிய ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. அவருடைய பாத்திரத்துக்கு ஒரு கீற்று உயிர்தான் மீதம். எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வாங். சுன்-லியின் உதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வோர் உதைக்கும் சரியான கணத்தில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அது தடுபடும். உமேஹாரா 15 உதைகளையும் தடுத்து, திருப்பி அடித்து வென்றார். ஒன்று தவறியிருந்தாலும் ஆட்டம் முடிந்திருக்கும். அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா? ஆனால் அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவர் தோற்றார் என்பதையும் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் தவறாதவனும் தோற்பான். விரல் தவறுகிறவன் ஏன் தோற்றான் என்பதைக்கூட அறிய மாட்டான்.

சேர்ந்து ஆடினால் வளரும்

2019இல் பாகிஸ்தானின் அர்ஸலான் ஆஷ் ஜப்பானில் நடந்த ஈவோவிலும், அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஈவோவிலும் டெக்கன் பிரிவில் முதலிடம் பெற்றார். கொரியர்களும் ஜப்பானியர்களும் அதிர்ந்தார்கள். லாகூர் நகரத்துப் பார்லர்களில் ஒருவரோடொருவர் ஆடி வளர்ந்தவர் அவர். தம்மைப் போன்ற வீரர்கள் தம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை. அந்நாட்டின் இன்னொரு வீரர் பின்னர் உலகச் சுற்றுப் போட்டியையே வென்றதும் நம்பினார்கள். பணக்கார நாடு, பளபளப்பான கருவி என்ற பேச்சு அன்றோடு ஓய்ந்திருக்க வேண்டும்.

விரல் கணக்கு தமிழர்களுக்கும் புதிதல்ல. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். கேரம் பலகை எல்லா மன்றத்திலும் இருக்கிறது. ஆனால் சுண்டுகிற விரல் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அது பழகிப் பழகி வந்தது. இதைச் சொல்லும்போது, கண்ட்ரோலர் பையனுக்கு மட்டும்தான் என்ற எண்ணத்தையும் வீட்டில் விட்டுவிட வேண்டும்.

மும்பையில் உள்ள தமிழ் மன்றங்கள் ஒரு காரியம் செய்யலாம். கேரம் போட்டி நடத்தும் அதே ஹாலில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு டி.வி.யும் இரண்டு சாதாரணக் கண்ட்ரோலரும் வைத்து, பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஆட விடலாம். பத்து வீடுகளில் பத்துக் கருவி வாங்குவதற்குப் பதில் ஒரு கருவியில் பத்துப் பேர் பழகலாம். பெரியவர்கள் கண் முன்னால் ஆடுவதால் நேரக் கணக்கும் இருக்கும்; ஒழுங்கும் இருக்கும்.

எல்லை எது?

இதைப் பிழைப்பாக நம்பிப் படிப்பை விடுவது தவறு. பரிசுப் பணம் பெறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மணிக்கட்டிலோ கட்டைவிரலிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். வலியோடு பழகினால் வலிதான் நிலைக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் கண்ட்ரோலர் பீரோவுக்குள் இருக்கட்டும்.

அதற்கு அப்பால், தகப்பனார் நீதிபதியாக உட்காருவது நல்லது. விளையாட்டு தெரிய வேண்டியதில்லை. சாப்பாடு முடிந்ததும் மகன் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, “இடது பக்கம் பத்து போடு, எண்ணுகிறேன். வலது பக்கம் பத்து போடு, எண்ணுகிறேன்” என்று சொன்னால் போதும். ஆறு வந்தால் ஆறு என்று நோட்டில் எழுதட்டும். அடுத்த மாதம் மறுபடி எண்ணட்டும். பத்துக்குப் பத்து வந்து, அதற்குப் பிறகும் புதுக் கண்ட்ரோலர் வேண்டும் என்று பையன் கேட்டால், அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுக்கலாம்.